‘பொசசிவ்’ என்று சொல்லிச் சமாளிக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தத்தில் பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிச் சீருடைதான் வேலை. சில வருடத்துக்கு முன்னால் பிளஸ் ஒன் சேர்ந்த ஒரு பெண் சுடிதார் தைக்க வந்தாள். கைச்சுற்று எடுக்க டேப்பைப் போட்டேன். முழங்கைக்கு மேலே நான்கு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது. ‘பஸ் கம்பி இடிச்சிடுச்சிக்கா’ என்றாள். கம்பிக்கு ஏது விரல்? ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ‘கை நீளமா வைங்கக்கா’ என்றாள், அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் அதே சுடிதாரைப் பிடித்துத் தரக் கொண்டுவந்தாள். மூன்று மாதத்தில் அவ்வளவு இளைத்திருந்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள். அதே பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பையன். இவளுடைய போன் பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். வகுப்புப் பையன் எவனிடமாவது பேசினால் கையைப் பிடித்து முறுக்குவான். விட்டுப் போனால் போட்டோவை அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டல் வேறு. ‘அடிக்கிறானேம்மா’ என்றேன். ‘அவன் ரொம்ப பொசசிவ்க்கா’ என்றாள். அந்தச் சொல்லை அவள் பெருமையாகச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் பள்ளி படித்த காலத்தில், 1998-ல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. தெருமுனையில் நிற்பவனிடம் எச்சரிக்கையாக இரு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பெண்ணை அடித்தவன் தெருமுனையில் நிற்கவில்லை. அவள் டிபன் பாக்ஸில் கைபோட்டுச் சாப்பிடுகிறவன். அவனைப் பற்றி யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவியை ரயில் முன்னால் தள்ளிக் கொன்ற செய்தியைப் படித்தபோதும் எனக்கு அந்தக் கன்றிய கைதான் நினைவுக்கு வந்தது.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டும் அவள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருந்தது. ‘போன் பண்ணா போலீஸ் வருமா? வீட்ல சொல்லிடுவாங்களா? படிப்ப நிறுத்திடுவாங்களா?’ என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுடைய டீச்சரும் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கும் பயம் இருக்கிறது. 2012 போக்சோ சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் கட்டாயம் புகார் செய்ய வேண்டும், மறைத்தால் குற்றம். அதனால் கேட்காமலே இருந்துவிடுவது சுலபமாகிவிடுகிறது.

நான் அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அது தப்பு என்று இன்றைக்கு நினைக்கிறேன். அந்த உதவி எண்களில் ஒன்றுக்குத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். அடுத்த வாரமே பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஆம்பூரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அந்தப் பையன் பரீட்சை எழுதி, காலேஜ் சேர்ந்துவிட்டான். அவனை ஜெயிலில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போது அவனும் பதினேழு வயதுப் பிள்ளைதான். முறுக்கிய கை வலிக்கும் என்று அவனுக்கும் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்பிலேயே.

‘காதல் கீதல் என்று அலையாதே’ என்று பிரேயரில் பேசுவதால் ஒன்றும் ஆகாது. அதைக் கேட்ட பிள்ளை வாயே திறக்காது. போனைப் பிடுங்கிப் பார்ப்பது, யாரோடு பேசலாம் என்று கட்டளை போடுவது, போட்டோவை வைத்து மிரட்டுவது எல்லாம் அன்பில் சேராது என்று ஆண், பெண் இருபாலரையும் உட்கார வைத்து வகுப்பில் பேச வேண்டும். எந்த டீச்சரிடம் சொல்லலாம், சொன்ன பிறகு என்னென்ன நடக்கும் என்பதை எழுதி ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், புகார் சொன்ன பெண்ணின் படிப்பு நிற்காது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரை வைத்துக்கொண்டே தலைமையாசிரியர் உறுதி சொல்ல வேண்டும். இடம் மாற்ற வேண்டியிருந்தால் அடித்தவனை மாற்றட்டும்.

வேலூர் மாவட்டக் கல்வி அதிகாரிகள் இதைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம். ஊர் சின்னது, அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு தையல்காரர்,
குடியாத்தம்.