பிரெய்ரியில் மரம் நட வேண்டாம்

எங்கள் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். புவி நாளுக்குச் சிகாகோ அருகே உள்ள ஃபெர்மிலாப் இயற்பியல் ஆய்வக வளாகத்தின் 'தரிசு நிலத்தில்' மரக்கன்று நட அனுமதி கேட்கப்போவதாக வாட்ஸ்அப்பில் அறிவித்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், இடம்தான் தப்பு. அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

அது தரிசு இல்லை. 1970களில் ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர் முன்கை எடுத்து, அணுத்துகள்களை வேகமாக ஓடவிடும் முடுக்கி வளையத்துக்கு உள்ளேயே மீட்கத் தொடங்கிய பிரெய்ரி, அதாவது இந்நாட்டின் இயற்கைப் புல்வெளி. இல்லினாயில் ஒரு காலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1837இல் ஜான் டியர் இதே மாநிலத்தில் எஃகுக் கலப்பை செய்தார். பிறகு மக்காச்சோளமும் சோயாவும்தான். பழுதுபடாமல் மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை; அதுவும் பெரும்பாலும் கலப்பை நுழையாத பழைய கல்லறைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும்.

ஏப்ரல் தொடக்கத்தில் போனேன். எங்கும் கரி. 'தீப்பிடித்துவிட்டதாம், பாவம்' என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பிடிக்கவில்லை ஐயா, புல்வெளியைக் காப்பவர்களே வைத்தார்கள்! குனிந்து பார்த்தால், விரற்கடை உயரத்துக்குக் கருகி நின்ற புல் தூர்களின் நடுவே ஊசி ஊசியாகப் பச்சை. இந்தப் புல்லின் குருத்து மண்ணுக்குள் இருக்கிறது, வேர் இரண்டு மூன்று மீட்டர் இறங்குகிறது. தீ அதைத் தொடாது. மரக்கன்றுக்கோ மொட்டெல்லாம் மேலே, அது கருகும். கரி படிந்த மண் வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடேறுவதால் புல் முந்திக்கொள்கிறது. வெள்ளையர் வருவதற்கு முன்பு இங்கிருந்த பழங்குடிகளும் இப்படித்தான் எரித்தார்கள். நம் ஆள்காட்டிக் குருவியின் பங்காளியான கில்டீர் ஒன்று அந்தக் கரியில் கத்திக்கொண்டே ஓடியது. முட்டையிட அதற்கு வெறுந்தரைதான் வேண்டும்.

நீங்கள் நடும் கன்று அடுத்த தீயில் போகும். தப்பினால் நிழல் விழுந்து புல் போகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துச் சீகை மரமும் (வாட்டில்) தைலமரமும் நட்டுவிட்டு, இன்று சீகையைப் பிடுங்க வழி தெரியாமல் நிற்கிறோமே, போதாதா?

சங்கத்துக்கு ஆள்பலம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பிரெய்ரி விதை சேகரிக்கத் தன்னார்வலர்களைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பெயர் கொடுங்கள். பிள்ளைகளும் வரலாம். மரம் நட்டே ஆகவேண்டும் என்றால், நம் வீட்டுப் புல்தரைகள் இருக்கின்றன.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்