ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்ந்த வீடு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாள் படிப்பைக் குறைத்துக்கொள். இதைக்கூட பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

வேல்ஸ் ரக்பி ஆட்டக்காரர் ஆர்தர் கூல்ட் பற்றிக் கேட்டிருந்தாய். காசு வாங்காமல் ஆடியவர் என்று புகழ்கிறார்கள், அதே ஆளுக்கு வீடு கொடுத்ததால் நாடுகளுக்கு இடையே ஆட்டமே நின்றது என்றும் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று. இரண்டையும் நம்பலாம்.

1864 அக்டோபரில் வேல்ஸின் நியூபோர்ட்டில் பிறந்தவர். அப்பா பித்தளை வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். பிள்ளைகளில் ஆறு பேர் நியூபோர்ட் கிளப்புக்கு ஆடினார்கள்; ஆர்தர், பாப், பெர்ட் மூவரும் வேல்ஸ் அணிக்கும் போனார்கள். சின்ன வயதில் ஓயாமல் மரம் ஏறியதால் வந்த 'குரங்கு' என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1882இல், 18 வயதில், நியூபோர்ட்டின் முதல் அணியில் ஃபுல்-பேக்காக, அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் காவலராக, இறங்கினார். அந்தக் காலத்தில் ஃபுல்-பேக்கின் வேலை பந்தைப் பிடித்ததும் உதைத்து அனுப்புவது, அவ்வளவுதான். கேப்டன் "உதை, உதை" என்று கத்த, இவர் காதில் வாங்காமல் பந்தோடு ஓடி இரண்டு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) போட்டார் என்பார்கள். தடை ஓட்டக்காரருடைய கால் அது. இரண்டு காலாலும் உதைக்கவும் பழகியிருந்தார். எந்தப் பக்கம் அழுத்தினாலும் மறுபக்கம் திரும்பி உதைப்பவரை மடக்குவது லேசல்ல.

1885 முதல் 1897 வரை வேல்ஸுக்கு 27 ஆட்டங்கள், அதில் 18இல் கேப்டன். எண்ணிக்கை இன்றைக்குச் சிறிதாகத் தெரியும். அப்போது வருஷத்துக்கு மூன்று சர்வதேச ஆட்டங்கள் கிடைப்பதே பெரிது. நடுவில் 1890இல் பொதுப்பணி ஒப்பந்த வேலையாக வெஸ்ட் இண்டீஸ் போய் அடுத்த வருஷம்தான் திரும்பினார். பிழைப்பு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். அமெச்சூர் என்றால் அதுதான்.

அவரை வைத்து நான்கு த்ரீ-குவார்ட்டர் முறையைப் பேசுவார்கள், ஆனால் அதைக் கொண்டுவந்தவர் அவர் இல்லை. பழைய கணக்கில் முன்னால் முட்டித் தள்ளும் ஃபார்வர்டு 9, பந்தை வெளியே எடுத்துத் தரும் ஹாஃப்-பேக் 2, அதை வாங்கி ஓடும் த்ரீ-குவார்ட்டர் 3, ஃபுல்-பேக் 1. 1884இல் கார்டிஃப் கிளப்பில் ஃபிராங்க் ஹான்காக் ஒருவருக்குப் பதிலாக இறங்கி டிரை போட, அவரையும் விட மனமில்லாமல், பழையவரையும் விட மனமில்லாமல், ஒரு ஃபார்வர்டைக் குறைத்து நான்கு பேரை வைத்தார்கள். ஃபார்வர்டுகள் பந்துக்காகக் கூடி முட்டும் ஸ்க்ரம்மில் ஒரு ஆள் குறைந்தாலும், பந்து வெளியே வந்துவிட்டால் எதிரணியின் மூவருக்கு எதிரே நான்கு பேர். கைமாற்றிக்கொண்டே போனால் கடைசி ஆள் தனியாக நிற்பார். கார்டிஃப் 1885-86இல் 27 ஆட்டத்தில் 26ஐ வென்றது இப்படித்தான்.

கிளப்பில் பலித்தது தேசிய அணியில் உடனே பலிக்கவில்லை. 1886 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஹான்காக் தலைமையில் நான்கு பேரோடு இறங்கினார்கள். எட்டு ஃபார்வர்டுகளை ஸ்காட்லாந்தின் ஒன்பது பேர் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தே வெளியே வராதபோது நான்கு பேர் நின்று என்ன பயன்? ஆட்டத்தின் நடுவிலேயே ஃபுல்-பேக் ஹாரி போவனை ஸ்க்ரம்முக்கு அனுப்பி, கூல்டைப் பின்னால் இழுத்து, பழைய முறைக்கே திரும்பினார்கள். அதற்குப் பிறகு கூல்டுக்கு அந்த முறை மேல் வெகுநாள் நம்பிக்கையில்லை. எட்டுப் பேரே ஒன்பது பேருக்கு ஈடுகொடுக்கப் பழகிய பிறகுதான் அது உருப்பட்டது. அதன் முழுப் பலனையும் எடுத்தவரும் கூல்டேதான்.

1893 ஜனவரி 7, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். தரை உறைந்து கிடந்ததால் முந்தைய இரவு சுமார் 500 கணப்புச் சட்டிகளை மைதானம் முழுக்கப் பரப்பி, 18 டன் நிலக்கரி எரித்தார்கள். இந்த வைத்தியத்தில் உள்ள குறை, மேல்மண் இளகிச் சேறாகும், அடியில் கல்லாகவே இருக்கும். இங்கிலாந்து நான்கு டிரை, வேல்ஸ் மூன்று. வேல்ஸின் மூன்றில் இரண்டு கூல்டுடையவை. அந்தப் பருவத்தில் டிரைக்கு 2, அதன்பின் உதைத்து கோல் ஆக்கினால் கூடுதலாக 3, பெனால்டிக்கும் 3. இரு அணியும் ஒரு டிரையைக் கோல் ஆக்கின. ஆக இங்கிலாந்து 8+3=11; வேல்ஸ் 6+3=9. கடைசியில் ஒரு பெனால்டி கிடைத்தது. தரையில் வைத்து உதைக்கச் சொன்னார் கூல்ட். பில்லி பான்கிராஃப்ட் மறுத்தார். உறைந்த மண்ணில் குதிகாலால் குழி பறித்துப் பந்தை நிறுத்துவது எப்படி? அவர் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, எழும்போது உதைக்கும் டிராப் கிக்காகவே உதைத்தார். பந்து கம்பத்தைத் தாண்டியது. 12–11. என் கணிப்பில் அன்று கேப்டன் தப்பு, உதைத்தவர் சரி. பிறகு ஸ்காட்லாந்தை 9–0, அயர்லாந்தை 2–0 என வென்று வேல்ஸ் தன் முதல் டிரிபிள் கிரவுனை, அதாவது அந்த மூவரையும் ஒரே பருவத்தில் வெல்லும் பெருமையை, எடுத்தது. அயர்லாந்துக்கு எதிரான அந்த ஒரே டிரை தம்பி பெர்ட் போட்டது.

இனி வீட்டு விவகாரம். 1896இல் ரசிகர்கள் அவருக்காக நிதி திரட்டத் தொடங்கினார்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங். முந்தைய வருஷம் கிரிக்கெட்டில் டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு இதே மாதிரி ஷில்லிங் நிதி திரண்டு ஆயிரக்கணக்கான பவுண்டு சேர்ந்தது. அவரும் பேருக்கு அமெச்சூர், யாரும் வாயைத் திறக்கவில்லை. கூல்டுக்கு வேல்ஸின் ரக்பி அமைப்பான யூனியன் தன் பங்காக 1000 ஷில்லிங், அதாவது 50 பவுண்டு, ஒதுக்கியது. நாடுகளுக்கு இடையிலான ஆட்டத்துக்குப் பொறுப்பான சர்வதேச வாரியம் இது தொழில்முறை, அதாவது காசுக்கு ஆடுவது, என்றது. யூனியன் முதலில் பின்வாங்கியது; ஊரே கொதித்தெழுந்ததும், 1897 பிப்ரவரியில் வாரியத்தை விட்டே விலகியது. ஏப்ரல் 19 அன்று கார்டிஃப் விருந்தில் கூல்டின் கைக்கு வந்தது பணமாக இல்லை, நியூபோர்ட்டில் ஒரு வீட்டின் பத்திரமாக. அந்த வருஷம் வேல்ஸ் ஆடியது ஜனவரியில் இங்கிலாந்தோடு ஒரே ஆட்டம்தான், 11–0 வெற்றி. கூல்டுக்கு அதுவே கடைசி.

விதியை விட்டுவிட்டுக் காலத்தைப் பார், செல்வம். 1893இல் வடக்கு இங்கிலாந்து கிளப்புகள் கேட்டது சம்பளம் அல்ல. சனிக்கிழமை ஆடப் போவதால் ஆலையில் இழக்கும் கூலிக்கு ஈடு, அவ்வளவே. இங்கிலாந்து யூனியனில் அது 282க்கு 136 என்று வாக்கில் தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி நார்தர்ன் யூனியன் என்று தனியாகப் பிரிந்துபோய், நாளுக்கு 6 ஷில்லிங் ஈட்டுத்தொகை வைத்தார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வேல்ஸையும் விரட்டினால் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் நிறைந்த அந்த ஊர்கள் எந்தப் பக்கம் சாயும் என்று லண்டனுக்குத் தெரியாதா? 1897 செப்டம்பரில் இங்கிலாந்து யூனியன் கூல்டை 'விதிவிலக்கு' என்று விட்டுவிட்டது. கூல்ட் இனி சர்வதேச ஆட்டத்தில் ஆடமாட்டார் என்ற ஏற்பாட்டில் 1898 பிப்ரவரியில் வேல்ஸ் வாரியத்துக்குத் திரும்பியது. வயது 33, ஓய்வு பெற இருந்தவரைத்தான் தடுத்தார்கள். ஸ்காட்லாந்து மட்டும் மசியவில்லை. 1897, 1898 இரண்டு வருஷமும் வேல்ஸோடு ஆடவில்லை.

கூல்டைத் தியாகி ஆக்குகிறவர்களுக்கு நான் ஜாக் கிளோஸின் கதையைச் சொல்வேன். ஹாலிஃபாக்ஸ் ஆட்டக்காரர். 1888இல் பிரிட்டிஷ் அணியின் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்குத் தேர்வாகி, துணிமணி வாங்க ஏற்பாட்டாளர்களிடம் 15 பவுண்டு வாங்கினார். அதைச் சொல்லி அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்துவிட்டார்கள். கப்பலில் போனார், அணிக்கு ஆடாமலே திரும்பினார். உடுப்புக்கு 15 பவுண்டு குற்றம், வீடு விதிவிலக்கு. கிளோஸை இழந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கூல்ட் பிறகு தேர்வாளராகவும் நடுவராகவும் இருந்தார். 1919 ஜனவரி 2 அன்று, 54 வயதில், திடீர் நோயில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு வேல்ஸ் முழுவதிலிருந்தும் கூட்டம் வந்தது.

அன்புடன்,
உன் ராஜு

பின்குறிப்பு: நீ அனுப்பிய பட்டியலில் 1890 டியூஸ்பரி ஆட்டம் 1–0 என்றிருப்பதை அச்சுப்பிழை என்று அடித்திருக்கிறாய். பிழையில்லை. அப்போது டிரைக்கு 1 புள்ளிதான். ஸ்டாடன் போட்ட அந்த ஒரு டிரையில்தான் வேல்ஸ் முதன்முதலாக இங்கிலாந்தை வென்றது. அடித்ததை அழித்துவிடு.