ஞாயிறு பழைய ரேஸ்: டேகு 2011

மக்களே, ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு தென்கொரியா டேகுல நடந்த 2011 உலக சாம்பியன்ஷிப் 110 மீட்டர் ஹர்டில்ஸ் ஃபைனல் பாக்குறோம், லிங்க் அப்புறம் போடுறேன். முதல்ல வந்தது கியூபாவோட ரோபிள்ஸ்தான், 13.14, ஆனா பக்கத்து லேன்ல ஓடுன சீனாவோட லியு ஷியாங் கையில இவர் கை பட்டுச்சுன்னு டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க, தங்கம் 13.16ல வந்த அமெரிக்காவோட ஜேசன் ரிச்சர்ட்சனுக்குப் போச்சு, லியுவுக்கு வெள்ளி.

கடைசி ரெண்டு ஹர்டில் கிட்ட கண்ண சிமிட்டாதீங்க. நடுவுல 9.14 மீட்டர், மூணே ஸ்டெப்பு, அதுல கைய தட்டிவிட்டா ரிதம் காலி. வேணும்னே பண்ணாருன்னு எனக்குத் தோணல, அது வேற கதை, சண்டைய ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். வர்றவங்க ஒரு தம்ஸ்அப் போடுங்கப்பா.