பெட்டிப் பலகைக்கு நேரா ஸ்டெயின் அடிக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயிறு இணைப்புல, மெஷின் பேக்கிங் பெட்டிப் பலகைய வச்சு வீட்டுலயே புக் ஷெல்ஃப் செய்யறத பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் அழகா இருந்துச்சு, ஆனா கடைசில "ஆணி அடிச்சு முடிச்சதும் பிடிச்ச கலர்ல ஸ்டெயின் அடிங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. ஸ்டெயின்ங்கறது பெயிண்ட் மாதிரி மேல நிக்காம மரத்துக்குள்ள ஊறி கலர் குடுக்கற சாயம், அதனால அந்த ஒரு வரிலதாங்க எல்லா கஷ்டமும் இருக்கு. இத படிச்சுட்டு எத்தன பேர் இந்த லீவுல பலகை வாங்கிட்டு வந்திருப்பாங்களோன்னு நினைச்சுத்தான் எழுதறேன்.

நானும் ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தான் செஞ்சேன். பொண்ணு புக் வைக்கறதுக்கு கோயமுத்தூர்ல ஒரு பழைய மரக்கடைல பெட்டி பிரிச்ச பைன் பலகை வாங்கி, ரம்பக்கோடு தெரியற மாதிரி சொரசொரன்னே விட்டு, வால்நட் கலர் ஸ்டெயின் அடிச்சேன். காஞ்சதும் பாத்தா ஒரு பக்கம் மை கொட்டின மாதிரி திட்டு திட்டா கருப்பு, கணு இருக்கற இடம் மட்டும் கலரே ஏறாம மஞ்சளா முழிக்குது, பலகையோட வெட்டு முனை ரெண்டும் கரியா போச்சு. பொண்ணு ஒண்ணும் சொல்லல, ஆனா முகத்துலயே தெரிஞ்சுச்சு.

மாமனார் நாப்பது வருஷம் மரவேலை பாத்தவரு. வந்து பாத்துட்டு "ஏனுங் மாப்ள, தேக்குன்னு நினைச்சீங்களா, இது தண்ணி குடிக்கற மரமுங்க"ன்னாரு. அப்புறம்தான் விளக்கினாரு. பைன் மரத்துல ஒவ்வொரு வருஷ வளையத்துலயும் ரெண்டு பாகம். சீசன் ஆரம்பத்துல வேகமா வளந்த வெளிர் பாகம் மெத்துன்னு இருக்கும், பின்னாடி மெதுவா வளந்த பழுப்புக் கோடு கெட்டியா இருக்கும். ஸ்டெயின் மெத்துன்னு இருக்கற பக்கம் மொத்தமா இறங்கிடும், கெட்டிக் கோடு குடிக்காது, அதனால வெளிர் இடம் கருத்து கோடு வெளுத்து, பழைய பிலிம் நெகட்டிவ் மாதிரி தலைகீழா ஆயிடும். கணுவுல பிசின் இருக்கறதால அங்க கலர் ஒட்டாது.

அதுக்கு அவர் சொன்ன வழி, முதல்ல மரத்தோட பசிய அடக்கணும். அரக்கு செதில ஸ்பிரிட்ல ஊற வச்சு, ஒரு லிட்டருக்கு நூறு கிராம் போல நீர்க்க கரைச்சு ஒரு கோட் அடிக்கறது. வெட்டு முனைக்கு ரெண்டு கோட், கணு மேல இன்னொரு தடவை தொட்டு விடணும். அரக்குக்கு நாம எங்கயும் போக வேண்டியதில்ல, ஜார்கண்ட்ல மரத்துப் பூச்சி குடுக்கறதுதான். காஞ்சப்புறம் 150 நம்பர் உப்புத்தாள்ல லேசா தடவிட்டு ஸ்டெயின் அடிச்சா கலர் ஒரே சீரா உக்காருது. ஆனா ஒண்ணு, இப்படி சீல் பண்ணினா கலர் கொஞ்சம் வெளிறித்தான் வரும், அதுக்கு கெட்டியான ஜெல் ஸ்டெயின் நல்லா நிக்குது.

சொரசொரப்பு வேணும்னு ஆசைப்படறவங்க அத முழுசா இழைச்சுத் தள்ள வேண்டாம், அதுதான் இந்த வேலையோட அழகே. கம்பி பிரஷ்ஷ மரத்தோட ரேகை போற திசைலயே நாலு இழுப்பு இழுத்தா மெத்துன்னு இருக்கற பாகம் கொஞ்சம் உதிர்ந்து கோடு எழும்பி நிக்கும், கை படற ஓரத்துக்கு மட்டும் உப்புத்தாள் போட்டா சிராய் குத்தாது. ஆனா சொரசொர பலகை வழவழ பலகைய விட நிறைய கலர் வாங்கும், அதனால கடை அட்டைல பாத்த கலர நம்பாம ஒரு படி வெளிர் கலரா எடுத்து, அதே பலகையோட அடிப்பக்கத்துல அடிச்சுப் பாத்துட்டு ஆரம்பிங்க. அடிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள மிச்சத்த துணியால துடைச்சுடணும். மழைக்காலத்துல ஈரப் பலகைல அடிச்சா எதுவுமே நிக்காது.

எழுதியே ஆக வேண்டியது இன்னும் ரெண்டு இருக்குங்க. கட்டுரைல அது சுத்தமா இல்ல.

வெளிநாட்டுப் பெட்டிப் பலகைல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதுல எச்.டி. (HT)ன்னு இருந்தா மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வச்சு பூச்சி கொன்னதுன்னு அர்த்தம், வீட்டுக்கு எடுக்கலாம். எம்.பி. (MB)ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடுங்கற விஷப் புகை போட்டது, அத வீட்டுக்குள்ள, அதுவும் குழந்தைங்க ரூமுக்கு கொண்டு வராதீங்க. முத்திரையே இல்லாம எண்ணெய்க் கறையோட இருக்கற பலகையும் வேண்டாம்.

அடுத்தது துணி. எண்ணெய் ஸ்டெயின், ஆளி விதை எண்ணெய் துடைச்ச துணி காயறப்போ காத்தோட சேர்ந்து தானாவே சூடேறும், சுருட்டி மூலைல போட்டா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தீயே பிடிச்சுக்கும். எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ பக்கெட்ல போட்டு வச்ச துணி சாயங்காலம் தொட்டா சுடுது, லேசா புகை வாசனை வேற, நல்லவேளை அம்மாவுக்கு மூக்கு கூர்மை, உடனே தண்ணிய ஊத்துனாங்க. தீக்குச்சி, அடுப்பு எதுவுமே பக்கத்துல இல்ல. அந்தத் துணிய வெளிய தனித்தனியா விரிச்சுக் காய வைக்கணும், இல்லன்னா மூடி போட்ட தகர டப்பால தண்ணி ஊத்தி அதுல முக்கி வைக்கணும்.

அடுத்த ஞாயிறு இணைப்புல இந்த முத்திரை விஷயமும் துணி விஷயமும் மட்டுமாவது ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. இடம் இருந்தா அரக்கு கரைக்கற அளவையும் சேர்த்துக்கங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.