கடைக்கு எத்தனை முதலாளி, அண்ணாச்சி?

குடும்பமாகச் சேர்ந்து கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், புதிதாகக் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தென்மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 18 வருடம் கணக்கு எழுதியவன் நான். கடைப் பெயர் வேண்டாம், சோறு போட்ட இடம்.

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பெரிய முதலாளி ஒரு பையனைக் கூப்பிட்டு குடோனில் சேலைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கச் சொன்னார். பத்து மணிக்குச் சின்னவர் வந்து அவனையே பில் போடும் இடத்தில் நிறுத்தினார். மதியம் வீட்டிலிருந்து முதலாளியம்மா போன், சிலிண்டர் மாற்ற ஆள் அனுப்பு என்று, அதற்கும் அவன்தான் போனான். சாயங்காலம் குடோன் வேலை பாதியில் கிடக்கிறதென்று வாடிக்கையாளர் முன்னால் வைத்து அவனுக்குத் திட்டு விழுந்தது. அடுத்த மாதமே எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டான். "இந்தக் காலத்துப் பயலுகளுக்கு உடம்பு வணங்கலை" என்று பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். நான் என்ன சொல்ல? தலையாட்டினேன்.

2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே, அப்போது பெரியவர் நல்ல மனதோடு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அவர் மாப்பிள்ளை வீட்டிலிருந்தே கேமராவில் பார்த்து, யார் உட்கார்ந்தாலும் போன் போட்டு எழுப்பிவிட்டார். கடைசியில் அந்த ஸ்டூல்களில் துணிக் கட்டு வைத்தோம்.

நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாலித் தங்கம் வாங்கிக் கொடுத்த முதலாளியை நான் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரிச் செலவைக் கணக்கில் எழுதாதே என்று சொன்னதும் அவர்தான். ஆனால் அதே கடையில் 14 வருடம் நின்றே வேலை பார்த்துக் கால் நரம்பு சுருண்டு வேலையை விட்டு விலகிய அக்காவுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தரவில்லை. "வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருந்தோம், கணக்குப் பார்க்கிறதா?" என்றார்கள். 10 பேர் வேலை பார்க்கும் கடையில் 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பள வீதம் தரவேண்டும் என்று 1972-லேயே சட்டம் வந்துவிட்டது, அண்ணாச்சி. தீபாவளி போனசும் அப்படித்தான். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடையில் வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதை மிட்டாய்ப் பெட்டி மேல் கவரில் வைத்து, ஏதோ தானம் போல நீட்டுவதும், வாங்குகிறவர் காலைத் தொட்டுக் கும்பிடுவதும் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை (நானும் தொட்டிருக்கிறேன், அது வேறு கதை).

இப்படி எழுதிவைத்து நடப்பதெல்லாம் வெள்ளைக்காரன் பாடம் என்று நினைக்காதீர்கள். பர்மாவில் கடை வைத்த நகரத்தார் தங்கள் ஏஜெண்டுகளுக்குச் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதித்தான் அனுப்பினார்கள், பொதுவாக மூன்று வருடக் கணக்கு. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதும் தெரிந்திருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டவர் பல நேரம் உறவுக்காரர்தான், உறவு என்பதற்காக எழுத்தை விட்டுவிடவில்லை.

சரி, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, பிள்ளைகள், மாப்பிள்ளை எல்லோரும் உட்காருங்கள், அம்மாவையும் விட்டுவிட வேண்டாம். லீவு தருவது யார், அட்வான்ஸ் தருவது யார், குடோன் ஆட்களுக்கு வேலை சொல்வது யார், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். வீட்டு வேலைக்குத் தனி ஆள் போடுங்கள். அந்தப் பட்டியலைக் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அடுத்த தடவை சின்னவர் பில் போடக் கூப்பிடும்போது "பெரியவர் குடோனுக்குப் போகச் சொன்னார்" என்று ஒரு பையன் சொன்னால், எதிர்த்துப் பேசுகிறான் என்று அவனை வெளியே அனுப்பாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்குப்பிள்ளை