அம்மாவின் ஸ்கேனும் ஒரு மத்தளக் கேள்வியும்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். ஜானகி அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை நன்றாகப் பாடுவாராம். அதனால் நலங்கில் நீ வாயைத் திறக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

அது இருக்கட்டும். அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது, மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் வீட்டுக் கதை எழுதிவிட்டுக் கடைசி வரியிலா சொல்வாய்? "நீ செய்யும் வடிவக் கணக்கு இதற்கு உதவுமா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். உதவும். எந்த அளவுக்கு என்று சொல்கிறேன்.

நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் மூளையின் இருபுறமும் உண்டு. அல்சைமரில் அது சுருங்கும். பொதுவாக அதன் கன அளவைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கன அளவு ஒன்றாகவே இருந்து வடிவம் மாறியிருக்கலாம். ஒரு வடிவத்தை இன்னொன்றின் மேல் பொருத்திப் பார்க்கலாமே என்பாய். அதற்கு பெஸ்லும் மெக்கேயும் 1992-இல் தந்த முறை இருக்கிறது. விறைப்பான பொருள்களுக்கு அருமையாக வேலை செய்யும். இரண்டு மனிதர்களின் மூளைகள் அப்படிப் பொருந்துவதில்லை.

அதனால் வேறு வழி. மத்தளத்தின் ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்று கணித அறிஞர் மார்க் காக் 1966-இல் கேட்டார். முடியாது, வேறு வேறு வடிவங்கள் ஒரே ஒலியைத் தரலாம் என்று கோர்டன், வெப், வோல்பர்ட் மூவரும் 1992-இல் காட்டினார்கள். ஆனாலும் அந்த ஒலியில் எவ்வளவோ இருக்கிறது! ஸ்கேனிலிருந்து பரப்பை முக்கோண வலையாக எடுத்து, அதன் மேல், ஒரு பரப்பு எப்படி அதிரும் என்பதைக் கணக்கிட உதவும் லாப்ளாஸ்–பெல்ட்ராமி சமன்பாட்டைத் தீர்த்தால் வரிசையாக எண்கள் கிடைக்கும். அவை அந்தப் பரப்பின் அதிர்வெண்கள் மாதிரி. மார்ட்டின் ராய்ட்டரும் கூட்டாளிகளும் 2006-இல் இவற்றையே வடிவத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, 'வடிவ டிஎன்ஏ' என்று பெயர் வைத்தார்கள். பொருளைச் சுழற்று, நகர்த்து, இழுபடாமல் வளை, எண்கள் மாறா.

கண்ணாடிப் பிம்பத்துக்கும் அதே எண்கள்தான். வலக்கையையும் இடக்கையையும் பிரித்துச் சொல்லத் தெரியாத முறை என்று நான் இதைக் குறை சொன்னதுண்டு. வாக்கிங்கர், ராய்ட்டர் குழு அதையே பலமாக்கிக்கொண்டது. எதையும் புரட்டிப் பொருத்தாமல், ஒரே மூளையின் இட, வல ஹிப்போகாம்பஸை நேரடியாக ஒப்பிட்டார்கள். டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர்களிடம் இருபக்க வித்தியாசம் கூடுகிறது என்று 2016-இல் எழுதினார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால் சேகர், இது பலருடைய ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சி. இதை வைத்து அம்மாவுக்கு இன்னது என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் என்னிடம் கேட்காதே. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் டாக்டரிடம் நீயே கேள். ஸ்கேன் அன்றைக்கு நானும் வருகிறேன், தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
ரகு