தவக்காலம் மூன்றாம் ஞாயிறு: அன்பிய (பங்கின் சிறு குழு) உறுப்பினர்கள் கவனத்திற்கு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

நாளைக் காலைத் திருப்பலியின் வழிபாட்டுப் பொறுப்பு நம்முடையது. முதல் வாசகம் விடுதலைப் பயணம் 17:3-7. வாசிப்பவர் இன்றிரவே ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். மாசா, மெரிபா என்ற பெயர்களில் நா தடுமாறும். தவக்காலம் என்பதால் ‘உன்னதங்களிலே’, ‘அல்லேலூயா’ ஆகிய பாடல்கள் இரண்டும் இல்லை.

நற்செய்தி யோவான் 4:5-42. நண்பகலில் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண், குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறார். அந்தக் குடத்தைத் தாண்டி என் மனம் நகரவே இல்லை. ஆகவே பீடத்தின் படியருகே ஒரு மண்குடத்தில் தண்ணீர் வைப்போம். மன்றாட்டுகளில் ஒன்று, தண்ணீர் லாரிக்காக வெயிலில் காத்திருக்கும் நம் தெருப் பெண்களுக்காக. அதை அவர்களில் ஒருவரே சொல்லட்டும்.

மண்குடம் வைத்திருப்பவர்கள் இன்றே தெரிவியுங்கள். பிளாஸ்டிக் குடம் வேண்டாம்.